அடுத்த படி எது? ஸ்பானிய மொழி பயிலும் பல்கலைக்கழக மாணாக்கர்க்குச் சில வார்த்தைகள்

இன்று பேசுவதற்கு யான் எடுத்துக்கொண்ட விடயம் நேயர் சிலருக்குத் தொலைவானதாகத் தோன்றலாம். ஐக்கிய அமெரிக்காவிலே பல்கலைக்கழகமொன்றிற் பயிலும் மாணாக்கர் ஒருவர், ஸ்பானிய மொழியை ஓராண்டோ ஈராண்டோ கற்றபின், அடுத்த தவணைக்கு எந்தப் பாடநெறியைத் தெரிவுசெய்தல் வேண்டும் என்பதே அவ்விடயம். நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அந்நாட்டிலே கல்வி பயில்கின்றனர். அவர்களுட் பலர் பள்ளிக்கூடத்திலேயே ஸ்பானிய மொழியை இரண்டாம் மொழியாகக் கற்கத் தொடங்கிவிடுகின்றனர். விடுமுறைக்கு இங்கு வரும்போது, "அடுத்து எதை எடுப்பது?" என்று அவர்கள் வினவுவதும், விடை சொல்ல வகையறியாது பெற்றோர் மௌனம் சாதிப்பதும் நாம் காணாதவை அல்ல. ஆதலின் இவ்விடயத்தைச் சிறிது விரிவாக ஆராய்வது பயன்தரும் என்று எண்ணுகின்றேன்.

முதற்கண், ஸ்பானிய மொழிக்கு அங்கு ஏன் இத்துணை மதிப்பு என்பதை நோக்குவோம். ஸ்பெயின் தேசத்திலும், மெக்சிக்கோ முதல் ஆர்ஜென்ரீனா வரையுள்ள அமெரிக்கக் குடியரசுகள் பதினெட்டிலும், ஆபிரிக்காவிலே மத்தியகோட்டுக் கினியிலுமாக இருபது நாடுகளில் அம்மொழி ஆட்சிமொழியாய் வழங்குகின்றது. ஐக்கிய அமெரிக்காவினுள்ளேயே நான்கு கோடிக்கு மேற்பட்டோர் அதனை வீட்டிலே பேசுகின்றனர். அங்கே மருத்துவமனையிற் கடமையாற்றும் தாதிக்கும், நீதிமன்றிலே வழக்குரைப்பவருக்கும், பாடசாலை ஆசிரியருக்கும் அது நாள்தோறும் வேண்டப்படும் மொழியாகும். அந்நாட்டு நவீன மொழிச் சங்கம் 2021ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி, உயர்கல்வி நிலையங்களிலே பிறமொழி பயில்வோரின் பதிவுகளில் ஏறக்குறையப் பாதி ஸ்பானிய மொழிக்கே உரியவை.

இவ்வளவு பேர் தொடங்கும் ஒரு மொழியிலே, தொடக்கத்தைக் கடந்து மேற்செல்வோர் தொகை மிகச் சிறியது. பட்டத்துக்கு வேண்டிய மொழி விதி நிறைவேறியவுடன் புத்தகத்தை மூடிவைப்போர் பலர். மூடிய புத்தகம் மூன்று ஆண்டு கிடந்தால், கற்றது கைவிட்டுப் போகும். செலவிட்ட நான்கு தவணையும், கட்டிய பணமும், விழித்திருந்த இரவுகளும் பரீட்சைப் புள்ளியாக மட்டும் எஞ்சும். ஆகவே 'அடுத்த பாடநெறி எது' என்ற வினா, கற்றது கையில் நிற்குமா நில்லாதா என்பதைத் தீர்க்கும் வினாவாகும்.

அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களிற் பாடநெறிகள் படிப்படியாக அமைந்துள்ளன. எண் முறை இடத்துக்கிடம் வேறுபடினும், பொதுவாக 101, 102 என்பன முதலாண்டு நெறிகள்; 201, 202 என்பன இரண்டாமாண்டு நெறிகள். இவை நான்கிலும் பாடப்புத்தகம் ஒன்று கைவிளக்காக முன்செல்லும். இன்ன அத்தியாயத்தில் இன்ன இலக்கணம், இன்ன சொற்றொகுதி என்று வகுத்திருக்கும். 300 என்று தொடங்கும் மூன்றாமாண்டுக்குச் சென்றவுடனேயே பாதை கிளைக்கின்றது. இலக்கணமும் கட்டுரையும் ஒரு நெறி; உரையாடல் ஒரு நெறி; இலக்கிய ஆராய்ச்சிக்கு அறிமுகம் ஒரு நெறி; நாகரிக வரலாறு, ஒலியியல், மொழிபெயர்ப்பு, மருத்துவத் துறைக்குரிய ஸ்பானியம், வணிகத் துறைக்குரிய ஸ்பானியம் என்பன வேறு நெறிகள். இரண்டாமாண்டு வரை ஒரே ஒழுங்கையில் வந்த மாணாக்கன் இங்கே நாற்சந்தியிலே நிற்கின்றான். தடுமாற்றம் நேர்வது பெரும்பாலும் இவ்விடத்திலேயே.

தடுமாற்றத்தின் காரணத்தை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். ஒரு தவணை ஏறக்குறையப் பதினைந்து கிழமை. கிழமைக்கு மூன்று மணிநேரம் வகுப்பு என்று கொண்டால், ஒரு தவணைக்கு 45 மணி. நான்கு தவணைக்கு 180 மணி. கிழமைக்கு ஐந்து மணி வகுப்பு நடைபெறும் இடத்திலும் அது 300 மணியைத் தாண்டாது. அமெரிக்க இராசதந்திரிகளைப் பயிற்றும் வெளிநாட்டுச் சேவை நிறுவனமோ, ஆங்கிலம் பேசுவோர் தொழில் நடத்தத்தக்க அளவுக்கு ஸ்பானியம் கற்பதற்கு 600 முதல் 750 மணிநேர வகுப்பு வேண்டுமென்று மதிப்பிட்டுள்ளது. அதுவும் ஆங்கிலேயர்க்கு மிக எளிதான மொழிகளின் வரிசையிலே ஸ்பானியத்தை வைத்த பின்னர் இட்ட கணக்கு. எனவே, "ஈராண்டு கற்றும் சரளமாகப் பேச வரவில்லையே" என்று வருந்தும் பிள்ளைக்கு நாம் கூறவேண்டியது, "உன் அறிவிற் குறைவில்லை, நடக்கவேண்டிய தூரத்தில் மூன்றிலொரு பங்கை அல்லது பாதியை நடந்திருக்கின்றாய்" என்பதே.

அடுத்ததாக, தான் நிற்கும் இடத்தை அறிந்துகொள்ளும் வழி யாது? இதற்கு இரண்டு அளவுகோல்கள் வழக்கில் உள. ஒன்று, ஐரோப்பியப் பேரவை 2001ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகளைக் கொண்டது. மற்றையது, அமெரிக்காவிலே பிறமொழி கற்பிப்போர் பேரவை 1986ஆம் ஆண்டில் வகுத்துப் பின்னர் திருத்தியமைத்தது. தொடக்கநிலை, இடைநிலை, முதிர்நிலை, உயர்நிலை, தலைநிலை என்று ஐந்து பெருநிலைகளைக் கூறுவது. இவற்றின் சிறப்பு யாதெனில், "எத்தனை அத்தியாயம் முடித்தாய்" என்று இவை வினவுவதில்லை. "எதைச் செய்ய உன்னால் இயலும்" என்றே வினவுகின்றன. வீட்டுக்கு வழி கேட்க இயலுமா? நேற்று நடந்த சம்பவமொன்றை முதலிலிருந்து முடிவு வரை கோவையாகச் சொல்ல இயலுமா? ஒரு கருத்தை எடுத்துக்கூறி அதற்குக் காரணம் காட்ட இயலுமா? இம் மூன்று வினாக்களுக்கும் உண்மையான விடை சொல்லக்கூடியவன் தன் இடத்தை ஓரளவு அறிந்தவனாவான்.

பள்ளிக்கூடத்திலேயே ஸ்பானியம் கற்றுச் செல்வோர்க்குப் பல்கலைக்கழகங்கள் தரம் அறியும் பரீட்சை ஒன்றை நடத்துவதுண்டு. அன்றியும், உயர்நிலைப் பள்ளியிலே முன்னேற்றத்தர நெறி பயின்று, அதன் பரீட்சையிலே ஐந்துக்கு மூன்று, நான்கு, ஐந்து என்று புள்ளி பெற்றோர்க்குச் சில தவணைகளை விலக்களித்து மேல்வகுப்பிலே சேர்ப்பதும் உண்டு. எந்தப் புள்ளிக்கு எவ்வளவு விலக்கு என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமே தீர்மானிக்கின்றது. இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அந்த முன்னேற்றத்தர நெறியும் இருவகைப்படும். ஒன்று மொழியும் பண்பாடும் பற்றியது. மற்றையது இலக்கியமும் பண்பாடும் பற்றியது. லாசரில்லோ என்னும் பதினாறாம் நூற்றாண்டுக் கதையிலிருந்து கார்சியா மார்க்கேஸ், போர்ஹெஸ் ஆகியோரின் சிறுகதைகள் வரை 38 ஆக்கங்களைப் பாடமாகக் கொண்டது. இரண்டிலும் ஐந்து புள்ளி பெற்றோர் இருவர் ஒரே வகுப்பில் அமர்ந்தால், இலக்கியம் கற்றவருக்கு நூலாராய்ச்சி பழகியதாகவும் மற்றவருக்குப் புதியதாகவும் இருக்கும். புள்ளி ஒன்றாயினும் ஆயத்தம் ஒன்றன்று.

இனி, கிளைவழிகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, இலக்கணமும் கட்டுரையும். இரண்டாமாண்டை முடித்தோருட் பெரும்பாலோர்க்கு யான் முதலிற் பரிந்துரைப்பது இதனையே. ஸ்பானிய மொழியிலே இடர்தரும் இடங்கள் மூன்று நான்கு உள. 'இருத்தல்' என்னும் பொருளுக்கு 'செர்', 'எஸ்தார்' என இரு வினைகள் உண்டு. இயல்பைக் கூற ஒன்று, நிலையைக் கூற ஒன்று. இறந்தகாலம் இருவகைப்படும். 'ஆப்லே' என்றால் 'பேசினேன்', முடிந்துவிட்ட செயல். 'ஆப்லாபா' என்றால் 'பேசிக்கொண்டிருந்தேன்', அல்லது 'அக்காலத்திலே பேசுவது வழக்கம்'. இவற்றினும் கடினமானது விருப்பம், ஐயம், வேண்டுகோள் முதலியவற்றின்பின் வரும் வினைவடிவம். 'அவன் வருகிறான்' என்பதற்கு 'பியெனே' என்போர், 'அவன் வரவேண்டும் என்று விரும்புகிறேன்' என்னுமிடத்து அதனையே 'பெங்கா' என்று மாற்றுவர். இவையாவும் முதலிரண்டு ஆண்டுகளிலே சொல்லிக்கொடுக்கப்பட்டவைதாம். ஆனால் வெற்றிடம் நிரப்பும் பயிற்சியிலே சரியாக எழுதியவன், தானாக இரண்டு பக்கம் கதை எழுதும்போது தடுமாறுவான். அத்தடுமாற்றத்தைப் போக்குவது எழுதி, திருத்தப்பெற்று, மீண்டும் எழுதும் பயிற்சியொன்றேயாம். தமிழிலே கட்டுரை எழுதப் பழகியோர் எவரும் இதனை அறிவர்.

இரண்டாவது, உரையாடல். 'பேசுவது எளிது, புள்ளியும் இலகுவிற் கிடைக்கும்' என்று கருதி இதனைத் தெரிவுசெய்வோர் உளர். வகுப்பிலே பன்னிரண்டு பேரோ பதினைந்து பேரோ இருந்து, ஆசிரியர் ஒவ்வொருவரையும் பேசவைப்பாராயின் இது பெரும் பயன் தரும். வகுப்பு பெரிதாயின், நாவன்மையுடைய நால்வர் பேச, ஏனையோர் தலையசைத்துத் தவணையைக் கழித்துவிடுவர். கூச்சமுள்ள பிள்ளை இந்நெறியைத் தனியே எடுப்பதிலும், எழுத்து நெறியுடன் சேர்த்து எடுப்பது நன்று. முதல்நாள் எழுதிய பொருளையே மறுநாள் பேசும்போது நாக்குத் துணிவு பெறும்.

மூன்றாவது, இலக்கிய அறிமுகம். மொழியைப் பிரதான பாடமாகக் கொள்ள எண்ணுவோர் இதனைத் தவிர்க்க இயலாது, தவிர்த்தலும் தகாது. செர்வாந்தெசின் டொன் கீஹோத்தே 1605ஆம் ஆண்டிலும் 1615ஆம் ஆண்டிலுமாக இரு பாகங்களாய் வெளிவந்தது. அத்தகைய மரபுடைய மொழியைக் கடைவீதிப் பேச்சோடு நிறுத்திக்கொள்வது, திருக்குறளைக் கேள்வியுறாமல் தமிழ் கற்றதற்கு ஒப்பாகும். எனினும் காலம் அறிந்து புகவேண்டும். இந்நெறியிலே ஒரு கிழமைக்கு வாசிக்கவேண்டிய பக்கங்கள் பலவாகும். அகராதியைப் பக்கத்துக்கு முப்பது முறை புரட்டவேண்டியவனுக்கு அது இலக்கியமாயிராது, தண்டனையாயிருக்கும். ஒரு பக்கத்தைப் படித்து ஐந்தாறு சொற்களுக்கு மாத்திரம் அகராதி தேடுபவன் தயக்கமின்றிப் புகலாம்.

நான்காவது, தொழில்சார் நெறிகள். மருத்துவம் கற்க எண்ணும் பிள்ளைகள் மருத்துவ ஸ்பானியத்தையே முதலில் நாடுவர். நோக்கம் நல்லது. ஆனால் நோயாளி, "மூன்று நாளாக நோகிறது, நேற்றிரவு நோகவில்லை, இன்று காலையில் மறுபடியும் தொடங்கிற்று" என்று சொல்லும்போது, அதனை விளங்கிக்கொள்ள உறுப்புகளின் பெயர் போதாது, முற்கூறிய இரண்டு இறந்தகாலங்களும் வேண்டும். 'நோகிறது' என்பதும் 'நொந்துகொண்டிருந்தது' என்பதும் மருத்துவனுக்கு வெவ்வேறு செய்திகள். அரைகுறை மொழியோடு நோயாளியை விசாரிப்பவர் தமக்கு விளங்கிவிட்டது என்று எண்ணிக்கொள்வதிலே அபாயமும் உண்டு. ஆதலின் இலக்கண நெறியை முடித்தபின்னரோ, அதனோடு உடனாகவோ தொழில்சார் நெறியை எடுப்பதே பொருத்தம்.

என்னிடம் உயர்தர வகுப்பிலே தமிழிலக்கியம் கற்ற மாணவி ஒருத்தி, புலமைப்பரிசில் பெற்று அந்நாடு சென்றவள், சில ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கடிதம் எழுதியிருந்தாள். நான்கு தவணை ஸ்பானியத்திலும் அதியுயர் புள்ளி பெற்ற அவள், ஐந்தாம் தவணையிலே இலக்கிய நெறியிற் சேர்ந்திருந்தாள். "சேர், வகுப்பிலே ஆசிரியர் சொல்வது விளங்குகிறது. ஆனால் நான் வாய் திறப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். இப்போது விட்டுவிட்டால் தோற்றவள் ஆவேனா?" என்பது அவள் வினா. நெறியை மாற்றிக்கொள்ளத் தவணைத் தொடக்கத்திலே சில நாள்கள் தவணையேட்டில் விடப்பட்டிருந்தன. யான் அவளுக்கு மூன்று கேள்விகளை எழுதினேன். பாடப்பகுதியை வீட்டில் வாசிக்க எவ்வளவு நேரம் செல்கிறது? வாசித்தபின் அதன் சாரத்தை ஐந்து வசனத்தில் எழுத இயலுகிறதா? அவ்வாசிரியரைத் தனியே கண்டு பேசினாயா?

அவள் மறுமொழி எழுதுமுன்னரே ஆசிரியரைக் கண்டு பேசிவிட்டாள். வாசிப்பிலே குறைவில்லை, எழுத்திலேதான் தளர்ச்சி என்று அவர் கண்டு கூறியிருந்தார். இலக்கண நெறிக்கு மாறி, அடுத்த தவணையிலே அதே ஆசிரியரிடம் அதே இலக்கிய நெறியை அவள் மீண்டும் எடுத்தாள். ஒரு தவணை பிந்தியதால் அவளுக்கு வந்த நட்டம் ஏதுமில்லை. மாறாது இருந்து ஊமையாய்க் காலங்கழித்திருப்பாளாயின், இலக்கியத்தின்மேலேயே வெறுப்புற்றிருப்பாள். அதுவே பெரு நட்டம். படியிறங்கி ஏறுவதைத் தோல்வி என்று கருதும் மனப்பான்மை நம் பிள்ளைகளிடம் மிகுதி. பரீட்சையை மையமாகக் கொண்ட நம் கல்விமுறையிலே வளர்ந்தோர்க்கு அது இயல்பு. ஆயினும் அதனை நாம் வளர்த்தல் ஆகாது.

இதற்கு மாறான தவறும் ஒன்று உண்டு. தனக்குத் தெரிந்ததையே மீண்டும் கற்கச் சென்று, உயர்ந்த புள்ளி பெற்று மகிழ்வது. பள்ளியிலே நான்காண்டு கற்றவன் 101ஆம் நெறியிற் சேர்ந்து, புதிதாய்த் தொடங்குவோரிடையே கெட்டிக்காரனாய் விளங்குவான். அவனுக்கும் பயனில்லை, அவனைக் கண்டு அஞ்சும் புதியவர்களுக்கும் நீதியில்லை. இதனால் அத்தகையோரைச் சேர்த்துக்கொள்ள மறுக்கும் பல்கலைக்கழகங்களும் உள. புள்ளியின் தேவையை யான் மறுக்கவில்லை. புலமைப்பரிசில் பெறுவோர்க்குப் புள்ளி சோற்றுப் பிரச்சினை. ஆனால் ஒரு தவணைக்கு எடுக்கும் நான்கைந்து பாடங்களில், சிறிது சிரமப்படுத்தும் பாடம் ஒன்றேனும் இருத்தல் வேண்டும். மற்றைப் பாடங்களின் சுமையைப் பார்த்து, அந்த இடத்தை ஸ்பானியத்துக்குக் கொடுப்பதா என்று தீர்மானித்தல் வேண்டும்.

நம்மவர் ஊன்றி நோக்கத்தக்க இன்னொரு விடயம், வீட்டிலே ஸ்பானியம் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கென்று அமைந்த நெறிகள். மெக்சிக்கோவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் குடியேறியோரின் பிள்ளைகள் தாயோடு சரளமாகப் பேசுவர். ஆனால் கடிதம் எழுத அறியார். இவர்களைப் புதியவர்களோடு அமர்த்துவதும் தகாது. முதிர்ந்த இலக்கிய வகுப்பிலே தள்ளுவதும் தகாது. குவாதலூப்பே வல்தேஸ் முதலிய கல்வியாளர் இப்பிள்ளைகளின் தேவை வேறு என்பதை எடுத்துக்காட்டினர். வீட்டுமொழியை இழிவென்று ஒதுக்காது, அதன்மேல் எழுத்தையும் ஏட்டுவழக்கையும் கட்டியெழுப்பும் நெறிகள் இன்று பல இடங்களில் நடைபெறுகின்றன. இதனைக் கேட்கும்போது ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வளரும் நம் பிள்ளைகளின் நினைவு வாராதிருக்குமா? அம்மம்மாவோடு தமிழில் உரையாடி, தமிழ் எழுத்தைக் கண்டவுடன் ஆங்கிலத்துக்குத் தாவும் பிள்ளைகள் அங்கு உளர். ஸ்பானியர் கண்ட வழியிலிருந்து நாமும் கற்றுக்கொள்ளலாம்.

தமிழ் அறிந்த மாணாக்கனுக்கு ஸ்பானியத்திலே சில அனுகூலங்கள் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். 'ஆப்லோ' என்ற ஒரு சொல்லே 'நான் பேசுகிறேன்' என்று பொருள் தரும். எழுவாயை விகுதியே காட்டிவிடும். 'பேசுகிறேன்' என்பதிற் போல. 'மே குஸ்தா' என்பது ஆங்கிலேயருக்குப் புதிராய்த் தோன்றும். நமக்கோ அது 'எனக்குப் பிடிக்கும்' என்பதேயாகும். நான்காம் வேற்றுமை இரண்டிலும் உண்டு. 'தூ', 'உஸ்தெத்' என்னும் வேறுபாடு 'நீ', 'நீங்கள்' என்பதை ஒத்தது. ரகர றகர பேதம் தெரிந்த நா, 'ஆனால்' என்னும் பொருள்பட்ட 'பெரோ'வையும் 'நாய்' என்னும் பொருள்பட்ட 'பெர்ரோ'வையும் விரைவிற் பிரித்தொலிக்கும். ஞகரமும் நம்மிடம் உண்டு. இடர் தருவது பால் பாகுபாடு. நமக்கு அஃறிணையான மேசை அவர்களுக்குப் பெண்பால், புத்தகம் ஆண்பால். இதனை மனனம் பண்ணுவதன்றி வேறு வழியில்லை.

மேசை என்றவுடன் இன்னொன்றும் நினைவுக்கு வருகின்றது. இச்சொல் போர்த்துக்கீசர் நமக்குத் தந்தது. ஸ்பானியத்திலும் அது 'மெசா' தான். சப்பாத்து அங்கே 'சப்பாத்தோ'. பாண் அங்கே 'பான்'. யாழ்ப்பாண இராச்சியத்தைப் போர்த்துக்கீசர் 1619ஆம் ஆண்டிலே கைப்பற்றியபோது, போர்த்துக்கலும் ஸ்பெயினும் ஒரே முடியின்கீழ் இருந்தன. 1580 முதல் 1640 வரை அவ்வாறிருந்தன. ஆயினும் ஒப்புமையை நம்பி எல்லை மீறல் ஆகாது. நம் கதிரைக்கும் யன்னலுக்கும் ஸ்பானியத்தில் முற்றிலும் வேறு சொற்கள் உள.

முடிவாக, தெரிவு செய்யுமுன் ஆற்றவேண்டியவற்றைச் சுருக்கிக் கூறுகின்றேன். பட்டவிதிகளைப் படித்து, எந்நெறி எதற்கு முன்தேவை என்று அறிக. முன்தேவையான நெறி ஒரு தவணையில் மாத்திரம் நடைபெறுமாயின், அதனைத் தவறவிட்டால் ஓராண்டு பிந்தும். பாடத்திட்டத்தைப் பெற்று, எத்தனை பக்கம் வாசிப்பு, எத்தனை கட்டுரை, திருத்தி எழுத இடமுண்டா, வகுப்பு முழுவதும் ஸ்பானியத்திலா என்று பார்க்க. ஆசிரியர் எத்தேசத்தவர் என்பதும் தெரிந்திருத்தல் நன்று. ஸ்பெயினிலே நண்பர் பலரை 'வோசோத்ரோஸ்' என்பர். ஆர்ஜென்ரீனாவிலே ஒருவனை 'வோஸ்' என்பர். யாழ்ப்பாணத்துப் பேச்சுக்குப் பழகியவன் மட்டக்களப்புப் பேச்சை முதன்முறை கேட்பது போன்றதே இது, சின்னாளிற் பழகிவிடும்.

இரு நெறிகளுக்கிடையே நெடிய இடைவெளி விடாதீர்கள். அடுத்த தவணையிலே இடமில்லையெனில், கிழமைக்கொரு சிறுகதையேனும் வாசித்து, ஒரு பக்கமேனும் எழுதிவருக. வசதியுள்ளோர் ஒரு கோடைகாலத்தையோ ஒரு தவணையையோ அம்மொழி வழங்கும் தேசத்திலே கழித்தல் சிறப்பு. ஸ்பெயினின் சலமன்காப் பல்கலைக்கழகம் 1218ஆம் ஆண்டிலே தோன்றியது. இன்றும் பிறநாட்டு மாணாக்கரை வரவேற்கின்றது. அமெரிக்காவிலேயே மிடில்பரிக் கல்லூரியின் கோடைப்பள்ளியில், கற்கும் மொழியன்றிப் பிறமொழி பேசேன் என்று மாணாக்கர் கையொப்பமிட்டுப் பயில்கின்றனர். செல்ல இயலாதோர் மனந்தளர வேண்டியதில்லை. அந்நாட்டு நகரங்களிலே ஸ்பானியம் பேசும் கடைகளும் தேவாலயங்களும் நூலகங்களும் பலவிடங்களில் உள. காது கொடுப்பதற்குக் கட்டணமில்லை. பல்கலைக்கழகத்துக்கு வெளியே செல்லுபடியாகும் சான்று வேண்டுவோர், ஸ்பானியக் கல்வி அமைச்சின் சார்பிலே செர்வாந்தெஸ் நிறுவனம் வழங்கும் தெலே என்னும் பத்திரத்துக்குத் தோற்றலாம். ஏ1 முதல் சி2 வரை ஒவ்வொரு படிக்கும் தனிப் பரீட்சை உண்டு.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை தெரிவுசெய்த நெறியின் எண்ணைக் கேட்டு, அது பெரிதா சிறிதா என்று அளக்காதீர்கள். "இத் தவணையில் அம்மொழியிலே என்ன எழுதினாய்? யாரோடு பேசினாய்?" என்று கேளுங்கள். ஏதேனும் எழுதியிருப்பின் அதனை வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். பொருள் உங்களுக்கு விளங்காமற் போகலாம். பின்னர் அதனைத் தமிழிலே சொல்லும்படி கேளுங்கள். அப்பொழுது பிள்ளை இரண்டு மொழிகளையும் ஒரே வேளையிற் பயில்வான். நீங்களும் அவன் கற்பது என்ன என்பதை அறிவீர்கள்.